சீரியலில் நம்ம ஊர் ஆளுங்க எங்கே? பெரம்பலூர், அரியலூர் வீடுகளில் உட்கார்ந்தே கணக்கெடுப்பது எப்படி?

சாயங்காலம் ஆறு மணி ஆனால் போதும். பெரம்பலூர் மாவட்டத்தில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும் திண்ணையிலும் சரி, அரியலூரில் சிமெண்ட் ஆலை ஷிப்ட் முடிந்து திரும்பும் வீட்டிலும் சரி, டிவியில் சீரியல் ஓடத் தொடங்கிவிடும். மாமியார் திட்டுவார், மருமகள் அழுவார், வில்லி கண்ணை உருட்டுவார். 'இதெல்லாம் சும்மா பொழுதுபோக்குதானே' என்று பலரும் கடந்துபோய்விடுவோம்.

ஆனால் உலகம் முழுக்க பல பல்கலைக்கழகங்களில் இதை சீரியஸாக ஆராய்ச்சி செய்கிறார்கள். ஒரு சீரியலில் யார் வருகிறார்கள், யார் வருவதே இல்லை, ஏழையை எப்படிக் காட்டுகிறார்கள், ஜாதியை எப்படி மறைக்கிறார்கள், கறுப்பு நிறத்தை எப்படிப் பேசுகிறார்கள் என்று எண்ணிப் பார்ப்பது ஒரு தனி ஆய்வுத் துறை. இந்த ஆய்வு எப்படி நடக்கிறது? இதனால் நமக்கு என்ன? விரிவாகப் பார்ப்போம்.

சீரியல் நிஜமாகவே வாழ்க்கையை மாற்றுமா?

மாற்றும் என்பதற்கு தமிழ்நாட்டு கிராமங்களும் சேர்ந்த ஒரு ஆதாரம் இருக்கிறது. ராபர்ட் ஜென்சன், எமிலி ஆஸ்டர் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 2001 முதல் 2003 வரை தமிழ்நாடு, பீகார், கோவா, ஹரியானா, டெல்லி ஆகிய 5 இடங்களில் எடுக்கப்பட்ட சர்வே தகவல்களை ஆராய்ந்தார்கள். கேபிள் டிவி புதிதாக வந்த கிராமங்களில், அது வருவதற்கு முன்னும் பின்னும் பெண்களின் பதில்கள் எப்படி மாறின என்று பார்த்தார்கள். ஆய்வு 2009-ல் வெளியானது.

முடிவு என்ன தெரியுமா? கேபிள் வந்த பிறகு, 'புருஷன் பொண்டாட்டியை அடிக்கலாம்' என்பதை ஏற்றுக்கொள்ளும் பெண்களின் எண்ணிக்கை குறைந்தது. 'ஆண் குழந்தைதான் வேணும்' என்ற எண்ணமும் குறைந்தது. வீட்டு முடிவுகளில் பெண்களின் பேச்சுக்கு மதிப்பு கூடியது. சில அளவீடுகளில் இந்த மாற்றம், ஒரு பெண் கூடுதலாக 5 வருஷம் பள்ளிக்கூடம் போனால் வரும் மாற்றத்துக்குச் சமமாக இருந்தது.

பிரேசிலிலும் இதே கதைதான். அங்கே ரெட் குளோபோ சேனலில் 1965 முதல் 1999 வரை ஓடிய 115 சீரியல்களை ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தார்கள். அவற்றில் 50 வயதுக்கு உட்பட்ட முக்கியப் பெண் கதாபாத்திரங்களில் 72 சதவீதம் பேருக்கு குழந்தையே இல்லை, 21 சதவீதம் பேருக்கு ஒரே குழந்தை. அந்தச் சேனல் எட்டிய பகுதிகளில் நிஜப் பெண்கள் பெற்றுக்கொண்ட குழந்தைகளின் எண்ணிக்கையும் குறைந்திருந்தது. அந்த சீரியல்களில் யாரும் குடும்பக் கட்டுப்பாடு பற்றி பாடம் எடுக்கவில்லை. சின்னக் குடும்பத்தை தினமும் காட்டினார்கள், அவ்வளவுதான்.

அதாவது திரையில் தினமும் பார்ப்பது, 'ஊரில் எல்லாரும் இப்படித்தான் இருக்காங்க போல' என்ற எண்ணத்தை மெதுவாக உண்டாக்கிவிடுகிறது. அமெரிக்கப் பேராசிரியர் ஜார்ஜ் கெர்ப்னர் 1960-களின் கடைசியிலேயே இதை ஆராயத் தொடங்கிவிட்டார். டிவி ஒரு கருத்தை ஒரே நாளில் திணிப்பதில்லை, விதை போட்டுப் பயிர் வளர்ப்பது மாதிரி வளர்க்கிறது என்பதுதான் அவர் கோட்பாட்டின் சாரம்.

அப்படியானால் அடுத்த கேள்வி முக்கியமானது. நம் வீட்டு டிவியில் எந்த விதை விழுகிறது?

பெரம்பலூர், அரியலூரை வைத்து ஏன் பார்க்க வேண்டும்?

இந்த இரண்டு மாவட்டங்களும் சீரியல் உலகத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் இருப்பவை. 2011 மக்கள்தொகை கணக்கெடுப்பின்படி அரியலூர் மாவட்டத்தில் நகரங்களில் வசிப்பவர்கள் 100-ல் சுமார் 11 பேர்தான். பெரம்பலூரில் சுமார் 17 பேர். மற்ற எல்லாரும் கிராமம்.

பட்டியலின மக்கள் தமிழ்நாடு முழுக்க 100-ல் 20 பேர் என்றால், அரியலூரில் சுமார் 23, பெரம்பலூரில் சுமார் 31. லப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களில் முஸ்லிம் குடும்பங்கள் அதிகம், வீட்டுக்கு ஒருவர் வளைகுடா நாட்டில் இருப்பது சகஜம். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயில் வீரமாமுனிவர் காலத்தோடு தொடர்புடையது. தொழில் என்று பார்த்தால் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம், சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமெண்ட் ஆலை, லாரி, எறையூர் சிப்காட் காலணித் தொழிற்சாலை.

இங்கே டிவி இல்லாத வீடு அபூர்வம். 2006-11 திமுக ஆட்சியில் கொடுத்த இலவச கலர் டிவி ஒரு கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குப் போனது. 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. சீரியல் பார்க்க வசதி வந்துவிட்டது. சீரியலுக்குள் இந்த மக்கள் வந்தார்களா என்பதுதான் கேள்வி.

பணம் பேசும், ஜாதி பேசாது

தமிழ் சீரியல்களில் ஏழை-பணக்காரன் வித்தியாசம் சத்தமாகவே பேசப்படுகிறது. 2002-ல் சன் டிவியில் தொடங்கிய 'மெட்டி ஒலி', ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு அப்பாவின் கஷ்டத்தைச் சொன்னது. விஜய் டிவியின் 'சிறகடிக்க ஆசை'யில் முத்து டாக்ஸி ஓட்டுகிறார், மீனா பூ கட்டி விற்கிறார். பூ விற்கிற வீட்டுப் பெண் என்பதற்காகவே மாமியார் அவரை மட்டம் தட்டுகிறார். சன் டிவியின் 'சிங்கப்பெண்ணே'வில் ஆனந்தி கிராமத்திலிருந்து சென்னைக்கு வந்து ஆயத்த ஆடை நிறுவனத்தில் வேலை பார்க்கிறார். வெளியூர் போய் தையல் வேலை செய்யும் பெண்கள் இந்த இரண்டு மாவட்டங்களிலும் நிறைய. அவர்கள் தங்களைப் பார்த்துக்கொள்ளும் கண்ணாடி இது.

ஆனால் ஒரு காதல் கதை வரட்டும். 'அந்தப் பொண்ணு நம்ம அந்தஸ்துக்கு சரிப்பட்டு வருமா?', 'நம்ம பரம்பரை கௌரவம் என்னாகுறது?' என்று வசனம் வரும். 'அந்தஸ்து', 'கௌரவம்', 'பெரிய வீடு', 'நம்ம ஆளுங்க'. நிஜ வாழ்க்கையில் இந்தச் சொற்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். திரையில் மட்டும் அது பணமாக மாறிவிடுகிறது.

இந்த இடம் மாற்றம் சின்ன விஷயம் இல்லை. சீரியலில் தடையாக நிற்பது பணம் என்றால், கதாநாயகி கம்பெனி ஆரம்பித்து ஜெயித்தவுடன் மாமியார் மனம் மாறிவிடலாம். நிஜத்தில் வேறு ஜாதியில் கல்யாணம் செய்த ஒரு ஜோடிக்கு, சம்பளம் உயர்ந்தால் மட்டும் ஊர் மனம் மாறிவிடுவதில்லை. அதனால்தான் கலப்புத் திருமணம் செய்வோருக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் அரசு ஒரு தனி நிதியுதவித் திட்டமே வைத்திருக்கிறது. சக்தி வாஹினி வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம், விரும்பிக் கல்யாணம் செய்யும் இருவரைத் தடுக்க எந்தப் பஞ்சாயத்துக்கும் உரிமை இல்லை என்று சொல்ல வேண்டி வந்தது. அரசும் நீதிமன்றமும் பெயர் சொல்லிப் பேசும் ஒரு பிரச்னை, தினமும் குடும்பக் கதை சொல்லும் சீரியலில் பெயர் இல்லாமல் நடமாடுகிறது.

ஏன் இப்படி நடக்கிறது?

எழுதுபவர்களின் மனசு மட்டும் காரணம் இல்லை. தொழில் நடக்கும் விதமும் காரணம்.

முதலாவது, ரேட்டிங். பார்க் என்ற அமைப்பு ஒவ்வொரு வாரமும் எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மதிப்பிடுகிறது. தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டும் சேர்ந்து ஒரே சந்தை. வீடுகளைப் பிரிக்க, அதிகம் சம்பாதிப்பவரின் படிப்பையும், மின்விசிறி, ஃபிரிட்ஜ், கார், விவசாய நிலம் என 11 பொருட்களில் எத்தனை இருக்கிறது என்பதையும் பார்க்கிறார்கள். ஜாதி என்ற கட்டம் அதில் இல்லை. விளம்பரம் கொடுக்கும் கம்பெனிக்குத் தேவை வாங்கும் சக்தி. அதனால் யாரையும் முகம் சுளிக்க வைக்காத கதைதான் பாதுகாப்பான கதை.

இரண்டாவது, சட்ட பயம். மதங்களையோ சமூகங்களையோ தாக்கும் காட்சிகளை கேபிள் டிவி நிகழ்ச்சி விதிமுறைகள் தடை செய்கின்றன. தவறாகக் காட்டினால் வழக்கு, போராட்டம். 'எதுக்கு வம்பு, பெயரே சொல்ல வேண்டாம்' என்று முடிவெடுப்பது சேனலுக்கு எளிது.

மூன்றாவது, செலவு. தினமும் ஒரு எபிசோடு வேண்டும். ஒரே பங்களாவில் கேமராவை வைத்து ஹால், மாடிப்படி, சமையலறை என்று எடுத்துவிட்டால் வேலை சீக்கிரம் முடியும். சுரங்கத்துக்கும் மக்காச்சோளக் காட்டுக்கும் யூனிட் போனால் செலவு எகிறும். அதனால் கதையும் பங்களாவுக்குள்ளேயே சுற்றுகிறது.

நான்காவது, பேச்சு. பல கதாநாயகிகள் கேரளா, கர்நாடகாவிலிருந்து வருகிறார்கள், குரல் வேறொருவருடையதாக இருக்கும். கிராமம் என்றால் பெரும்பாலும் மதுரைப் பேச்சு, இல்லாவிட்டால் நெல்லை, கொங்குப் பேச்சு. பெரம்பலூர், அரியலூர், விருத்தாசலம் பக்கத்து நடுநாட்டுப் பேச்சை இமையம், கண்மணி குணசேகரன் போன்ற எழுத்தாளர்கள் இலக்கியத்தில் நிலைநாட்டிவிட்டார்கள். கண்மணி குணசேகரன் அதற்கு ஒரு சொல்லகராதியே தொகுத்திருக்கிறார். சீரியலில் அந்தப் பேச்சைக் கேட்பது அரிது.

நிறம்: பேசியது, ஆனால் எப்படிப் பேசியது?

ஜாதியைப் போல் இல்லாமல், நிறத்தை நேரடியாகவே பேசிய சீரியல் 'பாரதி கண்ணம்மா'. மலையாள 'கறுத்தமுத்து'வின் ரீமேக்கான இது 2019-ல் விஜய் டிவியில் தொடங்கியது. கறுப்பான பெண் கண்ணம்மா படும் அவமானம்தான் கதையின் தொடக்கம். கர்ப்பிணியான கண்ணம்மா பையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டு நடந்துகொண்டே இருந்த காட்சி, தமிழ்நாடு முழுக்க மீம் ஆனது.

நல்ல தொடக்கம்தான். ஆனால் ஆய்வாளர் இங்கே நின்று இரண்டு கேள்வி கேட்பார். ஒன்று, கறுப்பாக இருப்பவருக்கு அந்த நிறமே கதையாகிவிடுகிறதா, அல்லது சாதாரணமாக டாக்டராக, வக்கீலாக, வில்லியாக வர முடிகிறதா? இரண்டு, இடைவேளையில் என்ன விளம்பரம் வருகிறது? 'ஃபேர் அண்ட் லவ்லி' கிரீம் தன் பெயரை 'க்ளோ அண்ட் லவ்லி' என்று மாற்றியது 2020-ல்தான். கதை ஒன்று சொல்ல, விளம்பரம் வேறொன்று சொல்லும் நிலை அதுவரை சகஜம்.

நான்கு படிகள்: எந்தப் படியில் நிற்கிறோம்?

சிறுபான்மைச் சமூகங்களை டிவி எப்படிக் காட்டுகிறது என்பதற்கு செட்ரிக் கிளார்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1969-ல் நான்கு படிகளைச் சொன்னார். இன்றும் உதவும் எளிய அளவுகோல் அது.

முதல் படி, கண்டுகொள்ளாமை. அந்தச் சமூகத்தினர் கதையிலேயே இருக்க மாட்டார்கள்.

இரண்டாவது படி, கேலி. வருவார்கள், ஆனால் சிரிக்க வைக்க மட்டும்.

மூன்றாவது படி, காவல். நேர்மையான போலீஸ், அதிகாரி என்று சட்டத்தைக் காக்கும் ஆளாக வருவார்கள். நல்லவர்தான், ஆனால் அவருக்கென்று வீடு, குடும்பம், ஆசை எதையும் காட்ட மாட்டார்கள்.

நான்காவது படி, மரியாதை. எல்லா மனிதரையும் போல நல்லதும் கெட்டதும் கலந்த முழு மனிதராக வருவார்கள்.

நீங்கள் பார்க்கும் சீரியலை இதில் வைத்துப் பாருங்கள். வீட்டு வேலை செய்யும் அக்காவுக்குப் பெயர் இருக்கிறதா? அவர் வீட்டை ஒரு தடவையாவது காட்டினார்களா? முஸ்லிம் பாய் ஒருவர் வந்தால், கதாநாயகனுக்கு உதவி செய்துவிட்டுப் போவதைத் தவிர அவருக்கு வேறு கதை உண்டா? தீபாவளியும் பொங்கலும் வரும் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ரம்ஜானும் கிறிஸ்துமஸும் வருகிறதா?

வீட்டிலிருந்தே கணக்கெடுப்பது எப்படி?

இதற்கு பெரிய படிப்பு தேவையில்லை. ஒரு நோட்டு, ஒரு பேனா, ஒரு வாரம் போதும். பல்கலைக்கழக ஆய்வின் அடிப்படையும் இதுதான், உள்ளடக்கப் பகுப்பாய்வு என்பார்கள்.

1. ஒரு சீரியலைத் தேர்ந்தெடுங்கள். ஒரு வாரம் தொடர்ந்து பாருங்கள். முந்தைய நாள் பிடித்தது, பிடிக்காதது என்று மாற்றக்கூடாது.

2. பெயருள்ள கதாபாத்திரங்களைப் பட்டியல் போடுங்கள். பெயர் இல்லாமல் 'டிரைவர்', 'வேலைக்காரம்மா' என்று மட்டும் வருபவர்களைத் தனியாக எழுதுங்கள்.

3. ஒவ்வொருவருக்கும் எதிரே தொழில், படிப்பு, மதம், கிராமமா நகரமா என்று குறியுங்கள். ஜாதியை ஊகிக்க வேண்டாம். ஜாதி சொல்லப்பட்டதா, அடையாளமாகக் காட்டப்பட்டதா, ஒன்றுமே இல்லையா என்று மட்டும் எழுதுங்கள்.

4. யார் முடிவெடுக்கிறார் என்று எண்ணுங்கள். கல்யாணம், பணம், சொத்து, வேலை பற்றிய முடிவு வரும்போதெல்லாம் கடைசி வார்த்தை யாருடையது?

5. இரண்டு பெண்கள் ஆண்களைப் பற்றி அல்லாமல் வேறு விஷயம் பேசினார்களா? அலிசன் பெக்டெல் என்ற கார்ட்டூனிஸ்ட் 1985-ல் ஒரு படக்கதையில் வைத்த இந்தக் கேள்வி இன்று உலகம் முழுக்க ஒரு சோதனையாகிவிட்டது. பெண்களே நிறைந்த தமிழ் சீரியலில் இதை வைத்துப் பாருங்கள், ஆச்சரியம் காத்திருக்கிறது.

6. கடைசியாக, வராதவர்கள் பட்டியல். உங்கள் தெருவில் இருக்கும் பத்து பேரை எழுதுங்கள். விவசாயக் கூலி, லாரி டிரைவர், துபாய் போனவர் வீட்டம்மா, மாற்றுத்திறனாளி, திருநங்கை, அங்கன்வாடி டீச்சர், நூறு நாள் வேலைக்குப் போகும் பாட்டி. இதில் எத்தனை பேர் அந்த வாரத்தில் திரையில் வந்தார்கள்?

இன்னொரு முக்கியமான விஷயம். இந்தக் கணக்கை இரண்டு பேர் தனித்தனியாக எடுத்து ஒப்பிட வேண்டும். அக்கா 'மரியாதையாகக் காட்டினார்கள்' என்று எழுதிய இடத்தில் தங்கை 'கேலி' என்று எழுதியிருந்தால், அங்கேதான் பேச வேண்டியது இருக்கிறது. ஆராய்ச்சியிலும் இப்படித்தான் செய்வார்கள்.

கணக்கு மட்டும் போதுமா?

போதாது. பார்ப்பவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதையும் கேட்க வேண்டும். இதற்கு நல்ல பாடம், தூர்தர்ஷனில் 1984-85-ல் ஓடிய இந்தி சீரியல் 'ஹம் லோக்'. இந்தியாவின் முதல் சீரியல் என்று கொண்டாடப்படும் இது, பெண்களின் நிலையை உயர்த்தும் நோக்கத்தோடு எழுதப்பட்டது. எல்லாவற்றையும் பொறுத்துப்போகும் அம்மா பாகவந்தியை 'இப்படி இருக்காதீங்க' என்று சொல்வதற்காகப் படைத்தார்கள். ஆனால் அர்விந்த் சிங்கால், எவரெட் ரோஜர்ஸ் ஆகியோர் நேயர்களிடம் கேட்டபோது, பலர் அவரையே சிறந்த பெண்ணாகச் சொன்னார்கள்.

தமிழிலும் இதற்கு ஒரு உதாரணம் உண்டு. 2022-ல் தொடங்கிய சன் டிவியின் 'எதிர்நீச்சல்', படித்த மருமகள்களை வீட்டுக்குள் முடக்கும் ஆணாதிக்கத்தை விமர்சித்த கதை. ஆனால் மறைந்த நடிகர் மாரிமுத்து நடித்த ஆதி குணசேகரன் என்ற வில்லன்தான் மீம்களின் நாயகன் ஆனார். சிலர் அந்த வில்லனைப் பார்த்து சிரித்தார்கள், சிலர் கோபப்பட்டார்கள், சிலர் ரசித்தார்கள். ஒரே காட்சி, மூன்று வீட்டில் மூன்று அர்த்தம். வீட்டில் அம்மா என்ன சொல்கிறார், தாத்தா என்ன சொல்கிறார், ப்ளஸ் டூ படிக்கும் பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்டு எழுதினால்தான் ஆய்வு முழுமையாகும்.

தவறாகக் காட்டினால் புகார் கொடுக்க முடியுமா?

முடியும். சினிமாவைப் போல சீரியலுக்கு முன்கூட்டியே சென்சார் சான்றிதழ் கிடையாது. ஒளிபரப்பான பிறகுதான் புகார். கேபிள் டிவி விதிகளில் 2021-ல் செய்த திருத்தத்தின்படி மூன்று கட்டம் இருக்கிறது. முதலில் சேனலுக்கே எழுத வேண்டும், சேனல் 15 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லை என்றால் சேனல்களின் சுய கட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு. அதற்கும் மேலே மத்திய அரசின் கண்காணிப்பு. எந்தச் சேனல், எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, என்ன காட்சி என்பதைக் குறித்து வைத்துக்கொள்வது அவசியம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு சமூகத்தை இழிவாகக் காட்டினால் புகார் கொடுக்கலாம். ஒரு சமூகத்தைக் காட்டவே இல்லை என்றால் அதற்குப் புகார் மனு கிடையாது. இல்லாததற்கு எபிசோடு எண்ணும் இல்லை, தேதியும் இல்லை. அதை நிரூபிக்க ஒரே வழி எண்ணிக்கைதான்.

பெரம்பலூர், அரியலூர் கல்லூரிகளில் தமிழோ, சமூகவியலோ, ஊடகவியலோ படிக்கும் மாணவர்கள் புராஜெக்டுக்குத் தலைப்பு தேடினால், இதற்கு பஸ் செலவுகூட இல்லை. வீட்டு ஹாலில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாலே பாதி ஆய்வு முடிந்தது. மீதிப் பாதி, சீரியலில் வராத அந்தப் பத்து பேரின் வீட்டுக்குப் போய், 'உங்க கதையை எடுத்தா முதல் எபிசோடுல என்ன வரணும்?' என்று கேட்பது.